மூச்சுக்குத் தகுந்த வேலை எங்கே?

2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு கோலார் தங்கவயல் சுரங்கங்கள் நின்றன. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஷாப்டுகளின் சக்கரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. ஷிப்டுக்கு அழைத்த சங்கு ஊமையாகிவிட்டது. ஆனால் அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழுந்துபோன மனிதனின் நெஞ்சுக்குள் இறங்கிய தூசி மட்டும் இன்றுவரை ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் வேலை செய்து வருகிறது. அதற்கு ஆலைமூடல் கிடையாது, ஓய்வு வயது கிடையாது, கணக்குத் தீர்ப்பும் கிடையாது.

பேத்தமங்களாவிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஆண் ஒருவர் திண்ணையில் குந்தியபடி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை எண்ணி எண்ணி வாங்கிக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்து "சும்மாத்தானே இருக்கிறார், ஏதாவது வேலைக்குப் போகலாமே" என்று சொல்கிறவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. மூச்சு விடுவதே அவருக்கு வேலையாக இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் யாரும் கூலி கொடுப்பதில்லை.

இந்த இதழில் நாம் எழுப்பும் கேள்வி இதுதான்: காலையில் மூன்று மணி நேரம் உழைக்க முடியும், மதியம் முடியாது, வெயில் காலத்தில் முடியும், பனிக்காலத்தில் முடியாது, உட்கார்ந்து செய்யலாம், ஏணி ஏற முடியாது — இப்படிப்பட்ட உடம்புடைய தொழிலாளிக்கு இந்த நாட்டில் என்ன வேலை இருக்கிறது? "வேலை கொடு" என்ற முழக்கத்தை நம் சங்கங்கள் நூறு ஆண்டாக எழுப்பி வந்திருக்கின்றன. "உடம்புக்குத் தகுந்த வேலை கொடு, உடம்புக்குத் தகுந்த நேரம் கொடு" என்பது அதைவிடச் சின்னக் கோரிக்கை போலத் தோன்றும். உண்மையில் அதைவிடப் பெரிய கோரிக்கை அது. ஏனென்றால், எட்டு மணி நேரம் குறையாமல் நிற்கிற முழு உடம்பு ஒன்றைத்தான் முதலாளி விலைக்கு வாங்குகிறான். குறை உடம்புக்குச் சந்தையில் விலை இல்லை.

முதலில் நோயைப் பற்றி. தங்கவயலின் தங்கம் படிகக்கல் பாறைக்குள் கொடி கொடியாக ஓடியது. அந்தப் பாறையைத் துளைத்து, வெடித்து, அள்ளும்போது கண்ணுக்குத் தெரியாத மணல் தூசி எழும். கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிப்பை வரைக்கும் போய் உட்காருகிறது. உடம்பு அதை விழுங்கப் பார்த்துத் தோற்கிறது. தோற்ற இடமெல்லாம் தழும்பாகிறது. பஞ்சுபோல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தோல் செருப்புபோல இறுகிப்போகிறது. இதற்குத்தான் சிலிக்கோசிஸ் என்று பெயர். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியை விட்டு விலகி வந்த பிறகும் நோய் வளரும் என்பதுதான் இதன் கொடுமை. சுரங்கம் மூடியபோது முப்பது வயது இளைஞனாக, கைகால் திடமாக வெளியே வந்தவனுக்கு, நாற்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏறும்போது அது தலைகாட்டலாம்.

இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்ற நோய் இருப்பது 1947-இல் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானதே நம் தங்கவயலை வைத்துத்தான். 1940 முதல் 1946 வரை 7,653 சுரங்கத் தொழிலாளிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 40 பேருக்கும் மேல் நெஞ்சில் தழும்பு இருந்தது. மீண்டும் ஒருமுறை படியுங்கள்: நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டிலேயே இந்தக் கணக்கு நாட்டின் கையில் இருந்தது. அதன் பிறகு 1956-இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசுக்குப் போனது, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. கொடி மாறியது, முத்திரை மாறியது. 1880 முதல் 2001 வரை 800 டன்னுக்கும் மேல் தங்கம் மேலே வந்தது. தங்கத்தை மில்லிகிராம் வரைக்கும் எடை போட்டவர்கள், மேலே வந்த மனிதனின் நெஞ்சில் எவ்வளவு தூசி என்று அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்களா?

1930-இல் நம் பாட்டன்மார் ஒரு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதிக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. குற்றவாளியைப்போல ரேகை வைக்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். அந்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். அதில் ஒரு கசப்பான வேடிக்கையும் இருக்கிறது. தொழிலாளியின் விரலைப் பதிவு செய்ய அவ்வளவு துடித்தார்கள். அதே தொழிலாளியின் நுரையீரல் பதிவு எங்கே என்று இன்று கேட்டால், எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியைக் காட்டுவார்கள்?

வேலை விஷயத்துக்கு வருவோம்.

சுரங்கம் ஓடிய காலத்தில் "லைட் டூட்டி" என்று ஒரு சொல் நம் லைன் வீடுகளில் புழங்கியது. கீழே இறங்க முடியாதவனை மேலேயே வைத்துக்கொள்வது: வாசல் காவல், விளக்கு அறை, ஸ்டோர், தோட்டம், தண்ணீர் விடுவது. அதைப் பெற மேஸ்திரியின் தயவு வேண்டும், சங்கத்தின் பலம் வேண்டும், டாக்டரின் சீட்டு வேண்டும். ஆனாலும் அப்படி ஒரு வாசல் இருந்தது. பிறகு அது தயவாக மட்டும் இல்லாமல் சட்டமாகவும் ஆனது. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில் 1983-இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சுரங்க வேலையினால் உடல் கெட்ட தொழிலாளியைச் சுரங்கத்தின் சொந்தக்காரரே தன் செலவில், முழுச் சம்பளத்தோடு வைத்தியம் பார்க்க வேண்டும். தேறாவிட்டால் அவன் உடம்புக்குத் தகுந்த மாற்று வேலையை அதே சுரங்கத்தில் கொடுக்க வேண்டும். மாற்று வேலை உடனே இல்லையென்றால் அது கிடைக்கும்வரை ஊனப்படி கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போக அவன் விரும்பினால் மொத்தமாக இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் சாரம். தொழிலாளி வர்க்கம் அடித்துப் பெற்ற நல்ல பிரிவுதான், மறுக்கவில்லை.

ஆனால் "அதே சுரங்கத்தில்" என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். சுரங்கமே இல்லையென்றால்? உரிமை சுரங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. சுரங்கத்தைத் தண்ணீரில் மூழ்கவிட்டபோது உரிமையும் மூழ்கியது. நோய் மட்டும் தொழிலாளியோடு வீட்டுக்கு வந்தது. அந்தப் பழைய சட்டமே இப்போது 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிட்டது. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு பெருமையாக அறிவிக்கிறது. நல்லது. வேலையில் இருப்பவனுக்கு அது. வேலை தின்று துப்பியவனுக்கு?

இன்று பேத்தமங்களாவில் உள்ளவனுக்கு எதிரே இருக்கும் வேலைகள் என்னென்ன? பெரிய வேலை பெங்களூர். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன்னே புறப்படும் ரயிலைப் பிடிக்க வேண்டும். பேத்தமங்களாக்காரன் அதற்கு முன்னால் ஒரு பஸ்ஸையோ சைக்கிளையோ பிடிக்க வேண்டும். ஒரு வழிக்கே 90 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். இருட்டில் போய் இருட்டில் திரும்பும் இந்த ரயிலில்தான் தங்கவயலின் இளைஞர்களும் பெண்களும் இருபத்தைந்து ஆண்டாகத் தொங்கிக்கொண்டு போகிறார்கள். நல்ல உடம்பையே நாலு வருஷத்தில் நார் நாராக்கும் பயணம் அது. மூச்சு இரைக்கிறவன் நடைபாலத்தின் படியேறுவதற்குள் வண்டி போய்விடும்.

அடுத்தது செக்யூரிட்டி வேலை. "உட்கார்ந்திருக்கும் வேலைதானே" என்று ஏஜென்சிக்காரன் சொல்லுவான். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம், பாதி நேரம் நின்றபடி, இரவுப் பனியில், வாரவிடுப்பு இல்லாமல். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளப் பிடித்தம் என்று சொல்லும் ஏஜென்சிகளும் உண்டு. ஊரோடு இருக்கிற வேலை என்றால் பட்டுப்புழு வளர்ப்பு, தக்காளித் தோட்டம், மண்டியில் கூடை தரம் பிரிப்பது, மாடு வைத்துப் பால் ஊற்றுவது. இவற்றில் நேரத்தை நாமே கொஞ்சம் நெளித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் புழு தழை கேட்கிற நேரத்தில் கேட்கும். அதற்கு நம் இருமல் தெரியாது. மருந்துத் தெளிப்பும் நூற்பு அடுப்பின் புகையும் கெட்டுப்போன நெஞ்சுக்கு ஆகவே ஆகாது.

மிஞ்சுவது வீட்டில் இருந்து செய்யும் வேலை. ஊதுவத்தி உருட்டுவது, தையல், பொட்டலம் கட்டுவது. பாலாற்றின் கீழ்க்கரையில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய்விட்ட நம் உறவினர்கள் வீட்டில் பெண்கள் ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி. நோயாளிக்கு இதுதான் தோதான வேலை என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். முடிந்தபோது செய்யலாம், முடியாதபோது படுக்கலாம். அது சரி, நேரம் நம் கையில். கூலி யார் கையில்? இடம் நம்முடையது, விளக்கும் மின்சாரமும் நம்முடையவை, முதுகுவலி நம்முடையது, கழிவு விழுந்தால் பிடித்தமும் நம்முடையது. தொழிற்சாலைச் சட்டம் வீட்டு வாசற்படி ஏறுவதில்லை. வீட்டுவேலைத் தொழிலாளர்களையும் மற்றத் தொழிலாளர்களைப்போல நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆவது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. இந்தியா இன்றுவரை அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. நெகிழ்வான வேலை என்று நகரத்துக்காரர்கள் அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் நெகிழ்வது கூலி மட்டும்தான்.

இளைஞர்களிடம் கேட்டால் டெலிவரி வேலையைச் சொல்லுவார்கள். செல்போனைத் திறந்தால் வேலை, மூடினால் ஓய்வு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூடுகிறவனுக்கு அடுத்த நாள் நல்ல ஆர்டர் வராது, ஊக்கத்தொகை போய்விடும் என்பது வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியும். கர்நாடக அரசு 2025-இல் இவர்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் 1 முதல் 5 சதவீதம் வரை நலநிதிக்குப் பிடிக்க வழி செய்திருக்கிறது. வரவேற்கிறோம். அந்த நலநிதியில் நீண்ட நாள் நோயாளிக்கு என்ன பங்கு என்பதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும், நிதி சேர்ந்த பிறகு அல்ல.

நோய் என்றால் சுரங்கத் தூசி ஒன்றுதான் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. கோலார் மாவட்டத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் புளோரைடு கலந்திருப்பது ஊரறிந்தது. அது எலும்பை வளைக்கிறது. வளைந்த முழங்காலோடு குனிந்து நாற்று நட முடியாது. சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகம் பழுதானவர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்குப் படுக்க வேண்டும். மற்ற நாள்களில் அவர் உழைக்கக் கூடியவர்தான். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வா என்று சொல்லும் முதலாளி எங்கே இருக்கிறான்? இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒருவர் படுத்தால் அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் நேரமும் சேர்ந்து படுத்துவிடுகிறது. கார்மென்ட்ஸ் கம்பெனியை விட்டு அவர் ஊதுவத்திப் பலகைக்கு வருவது விருப்பத்தினால் அல்ல. ஒரு நோயினால் இரண்டு கூலி போகிறது. சர்க்காரின் எந்தக் கணக்கிலும் அந்த இரண்டாவது கூலி வருவதில்லை.

"மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பழைய 7 வகைக் குறைபாடுகளை 21 வகையாக விரித்தது. பார்வை, செவி, கை கால், மனநோய், தொழுநோயிலிருந்து மீண்டவர், இரத்த நோய்கள், பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பு நோய்கள் என்று நீளுகிறது பட்டியல். அந்த 21-இல் நுரையீரல் இல்லை. தூசியினால் மூச்சை இழந்தவன் அந்தச் சட்டத்தின் கண்ணில் முழு மனிதன்! பத்தடி நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவனிடம் கையும் காலும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லித் திருப்பி அனுப்பச் சட்டமே இடம் கொடுக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோலைத் தாண்டியவருக்கு. மூச்சை அளக்க அந்தச் சட்டத்தில் கோலே கிடையாது.

இது மாற்ற முடியாத விதி அல்ல. ராஜஸ்தானத்தில் கல் உடைக்கும் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகப் போராடியதன் பலனாக 2019 அக்டோபரில் அந்த மாநில அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. சிலிக்கோசிஸ் என்று சான்றிதழ் பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், அது தவிர மாத ஓய்வூதியம். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது நம்மிடத்தில். உதவி போனது ராஜஸ்தானத்துக்கு. அவர்கள் பெற்றதில் நமக்குப் பொறாமை இல்லை. அவர்களால் முடிந்தது கர்நாடகத்தால் ஏன் முடியாது என்று கேட்கிறோம்.

கடலுக்கு அப்பாலும் பாருங்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் உள்ளூர்க் கறுப்பினத் தொழிலாளிகளோடு, லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் நம்மைப்போலவே பிழைக்கப் போன தொழிலாளிகள் தூசி தின்றார்கள். அவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஆறு கம்பெனிகளோடு ஏற்பட்ட உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது; 500 கோடி ராண்டு. 1965-இல் வேலை செய்தவன் வரைக்கும் அதில் இடம் உண்டு. சொந்த ஊருக்குத் திரும்பிப் போனவனையும், இறந்துபோனவனின் குடும்பத்தையும் தேடிப் பணம் கொடுக்க ஓர் அறக்கட்டளையே வைத்தார்கள். பணம் மெதுவாகத்தான் போகிறது, குறைகள் நிறைய. ஆனால் "சுரங்கத்தை விட்டுப் போய்விட்டாய், இனி உனக்கும் எங்களுக்கும் என்ன" என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

வேலை கொடுப்பதிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. நம் சுரங்கங்களை 1880 முதல் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி இலண்டன் கம்பெனி. அதே பிரிட்டனில் 1944-இல் ஊனமுற்றோர் வேலைச் சட்டம் வந்தது. ரெம்ப்ளாய் என்ற அரசு நிறுவனம் உருவாகி, அதன் முதல் தொழிற்சாலை 1946-இல் வேல்ஸ் நாட்டுப் பிரிட்ஜெண்டில் திறக்கப்பட்டது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் பலர் நிலக்கரிச் சுரங்கத்தில் உடல் கெட்டவர்கள். உடம்புக்குத் தகுந்தபடி மேசையையும் கருவியையும் அமைத்து மரச்சாமான்கள் செய்தார்கள். லாபம் இல்லை என்று சொல்லி 2013-க்குள் அவற்றையும் மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படி ஒன்று ஓடியது. தன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளிக்குத் தொழிற்சாலை கட்டத் தெரிந்த தேசத்துக்குத் தங்கவயல் தொழிலாளி கண்ணில் படவில்லை. 1947-க்குப் பிறகு வந்த நம்மவர்களுக்கும் படவில்லை.

இப்போது வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர் கார்மென்ட்ஸிலும் மற்றக் கம்பெனிகளிலும் ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறவர்களுக்கு, நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. அதைத் தாண்டி, காசநோய், சில நாள்பட்ட நெஞ்சு நோய்கள், சிறுநீரகச் செயலிழப்பு முதலான 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு, 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டுவரை நீட்டிப்பு உண்டு. இதைத் தெரியாமல், படுத்தவுடன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம். எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனி அதிகாரி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வாருங்கள்.

அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அவரால் முடிகிற வேறு பதவிக்கு மாற்ற வேண்டும், அப்படிப் பதவி இல்லையென்றால் ஒன்றை உண்டாக்கி அதிலாவது வைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்லுகிறது. தனியார் கம்பெனியானாலும், குறைபாடு உள்ளவருக்குத் தேவையான நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பது பாகுபாடு என்பதே அந்தச் சட்டத்தின் விளக்கம். உட்கார ஒரு ஸ்டூல் கேட்பது, ஷிப்டை மாற்றிக் கேட்பது, தூசிப் பிரிவிலிருந்து வேறு பிரிவு கேட்பது — இவையெல்லாம் பிச்சை அல்ல. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கை நரம்பு இழுப்பினால் எழுத முடியாத ஓர் இளைஞரின் வழக்கில், 40 சதவீதம் என்ற அளவுகோலைக் காட்டித் தேர்வில் உதவியாளரை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் கதவு வழியாக மூச்சிழந்த தொழிலாளியும் நுழைய முடியுமா என்பதை வழக்கறிஞர்கள் பார்க்க வேண்டும். முடியும் என்றே நாம் நினைக்கிறோம்.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. மண் வெட்ட முடியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, கன்றுகளுக்கு நீர் ஊற்றுவது என்று வேலைகளைத் தனியாக எடுத்து வைத்து, கூலியில் குறைக்காமல் கொடுக்கச் சொன்னார்கள். எல்லா இடத்திலும் நடந்ததா என்பது இருக்கட்டும். வேலையை உடம்புக்கு ஏற்றபடி வெட்டித் தைக்க முடியும் என்று சர்க்காரே ஏட்டில் ஒப்புக்கொண்டது முக்கியம். ஆனால் அது கிராமத்துக்கான சட்டம். பேத்தமங்களாவில் கேட்க முடிந்ததை, நகராட்சி எல்லைக்குள் இருக்கும் ராபர்ட்சன்பேட்டைக்காரன் கேட்க முடியவில்லை. ஒரே ஷாப்டில் இறங்கிய இரண்டு பேர். ஒருவன் வீடு பஞ்சாயத்தில், ஒருவன் வீடு நகராட்சியில்!

சொந்த ஊர் போனவர்களின் பாடு இன்னொரு விதம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டம் சொல்லுகிறது. ஆனால் ஓய்வூதியம் மாநிலத்தோடு நின்றுவிடுகிறது. குடியாத்தம் போனவனைப் பார்த்துத் தமிழ்நாடு "நீ உழைத்தது கர்நாடகத்தில்" என்கிறது. கர்நாடகம் "நீ இருப்பது தமிழ்நாட்டில்" என்கிறது. காவிரித் தண்ணீருக்குச் சண்டை போடும் இரண்டு அரசுகளும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருக்கின்றன.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம்? காரணம் இருக்கிறது. தங்கவயலைச் சுற்றி 13 சயனைட் மேடுகள் நிற்கின்றன. அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய சக்கை மண், 3 கோடி டன்னுக்கும் மேல். ஆடிக் காற்றில் அந்த மண் எழுந்து நம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும் என்பதைத் தங்கவயலில் பிறந்த ஒவ்வொருவரும் அறிவர். அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக அவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வேலை வரும் என்று தலைவர்கள் சொல்லுகிறார்கள். வரட்டும். ஆனால் அந்த மண்ணைத் தோண்டினால் எழும் தூசி எந்தத் தூசி? எந்தத் தூசியால் பாட்டனும் அப்பனும் இருமினார்களோ அதே தூசி, இன்னும் நைசாக அரைத்தது. முகத்துணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேரனையும் அங்கே இறக்கினால் நாற்பது ஆண்டு கழித்து இதே தலையங்கத்தை இன்னொருவர் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே நாம் கேட்பது: ஏலப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். மண் வெட்டுமுன் தண்ணீர் அடித்துத் தூசியை அடக்க வேண்டும். தூசி அளவை மாதாமாதம் ஊர்ப் பலகையில் எழுத வேண்டும். தோண்டிய இடத்தில் மரம் நட வேண்டும். அந்த நாற்றுப் பண்ணையின் வேலை, பதிவேட்டு வேலை, தண்ணீர் வால்வு திருப்பும் வேலை முதலியவை தூசிக்கு எட்டாத இடத்தில் அமைக்கப்பட்டு, உடல் கெட்ட பழைய தொழிலாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் என்று அரை ஷிப்டாக, மணிக்கணக்குக் கூலியில் குறைவில்லாமல். முழு ஆள் வேலையை இரண்டு அரை ஆள்கள் பகிர்ந்து செய்தால் கம்பெனிக்கு என்ன நட்டம்? இரண்டு பெயர் எழுத ஒரு வரி அதிகம் செலவாகும், அவ்வளவுதான்.

அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் பெங்களூரிலேயே இருக்கிறது. அங்கிருந்து தங்கவயலுக்கு வந்து ஒரு முகாம் போட ஆகும் தூரம், நம் பிள்ளைகள் தினமும் போகும் தூரத்தைவிட வெகு அதிகம் இல்லை. சுரங்கத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும், இந்தப் பக்கம் இருந்தாலும் குடியாத்தத்தில் இருந்தாலும், நெஞ்சு எக்ஸ்-ரேயும் மூச்சுப் பரிசோதனையும் எடுக்க வேண்டும். படத்தில் காசநோயும் தூசிநோயும் ஒன்றுபோலத் தெரிவதால், வேறு சுரங்கப் பகுதிகளில் வெறும் காசநோய் என்றே மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் பலர். தூசிநோய் உள்ளவரைக் காசநோய் எளிதாகப் பற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். "எங்கே வேலை செய்தாய், எத்தனை வருஷம்" என்று டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

நம் கிளைகள் வரும் மாதம் முதல் வீடு வீடாக வரும். சுரங்கத்தில் இறங்கியவரின் பெயர், டோக்கன் எண் நினைவிருந்தால் அது, எந்த ஷாப்ட், கீழே என்ன வேலை, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, இப்போது எத்தனை அடி நடந்தால் இரைக்கிறது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எந்த வேலை செய்ய முடியும் என்பவற்றை எழுதி வாங்குவார்கள். கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் என்றாலும் ஒரு மணி நேரம் என்றே எழுதச் சொல்லுங்கள். "ஒன்றும் முடியாது" என்று வீட்டார் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம். சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, கணக்குத் தீர்த்த தாள், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். இறந்துபோனவர்களுடையதையும் சேர்த்து. எக்ஸ்-ரே படங்களை மடிக்க வேண்டாம். சுருட்டியும் வைக்க வேண்டாம்.